சினைப் பன்றியும் ஹார்மோன்களும்: வளர்ப்போர் அறிய வேண்டியவை

பன்றியின் சினைக்காலம் 114 நாள். ‘மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்’ என்று பண்ணையாளர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். இந்த நாட்கள் முழுவதும் சினையைக் காத்து நிற்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். பூசணம் பிடித்த தீவனம், கவனிக்காமல் விட்ட காய்ச்சல், தவறான நேரத்தில் போட்ட ஊசி ஆகியவை இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும்.

சினையைக் காக்கும் ஹார்மோன்

கருமுட்டை வெளியேறிய ஒவ்வோர் இடத்திலும் சூலகத்தில் ஒரு திசு வளர்கிறது. கார்பஸ் லூட்டியம் எனப்படும் இதுவே புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கருப்பை சுருங்காமல் பார்த்துக்கொள்வதும், கருக்களுக்கான ஊட்டத்தைக் கருப்பைச் சுவரில் சுரக்கச் செய்வதும் இதன் வேலை. பெண்களுக்குச் சில வாரங்களில் நஞ்சுக்கொடி இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். பன்றியிலோ கடைசி வரை சூலகத்தையே நம்ப வேண்டும்.

12ஆம் நாளில் நடப்பது

சினைப்படாத பன்றி ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதற்கு முன்பாக, கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ரத்தத்தில் கலந்து கார்பஸ் லூட்டியத்தை அழிக்கிறது. சினைப்பட்டிருந்தால், 11, 12ஆம் நாட்களில் கருக்களே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. உடனே புரோஸ்டாகிளாண்டின் ரத்தத்துக்குப் போகாமல் கருப்பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, சினை நிலைக்கிறது. இதற்குப் பொதுவாகக் குறைந்தது நான்கு கருக்களாவது வேண்டும். கருக்கள் கருப்பையில் ஒட்டிக்கொள்வதும் இதை அடுத்த நாட்களில்தான். ஆகவே முதல் மாதத்தில் பன்றியைக் கொட்டில் மாற்றுவது, புதிய பன்றிகளோடு சேர்த்துச் சண்டைக்கு விடுவது, வெயிலில் வாட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பூசணம் பிடித்த மக்காச்சோளம்

ஈரமாகச் சேமித்த மக்காச்சோளத்தில் பியூசேரியம் பூஞ்சை வளர்ந்து ஜியராலினோன் என்ற நஞ்சை உண்டாக்கலாம். இது உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படும். கால்நடைகளில் பன்றியையே அதிகம் பாதிக்கும். இளம் பெண் பன்றிகளின் பிறப்புறுப்பு வீங்கிச் சிவக்கும். சினையே இல்லாத பன்றி பருவத்துக்கு வராமல் சினை போல நடிக்கும். சினைப்பட்டவற்றில் கருக்கள் அழியலாம். வேகவைத்தாலும் இந்த நஞ்சு எளிதில் போகாது என்பதால், பூசணத் தீவனத்தை அப்புறப்படுத்துவதே வழி.

காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள்

கிருமித் தொற்றில் வெளிப்படும் நச்சுகள் புரோஸ்டாகிளாண்டினைத் தூண்டி, புரோஜெஸ்டிரோனைச் சரித்து, கருச்சிதைவில் கொண்டு விடலாம். சினைப் பன்றி தீவனம் எடுக்காமல் சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டி ஈனும் வேளை

ஈனும் நாளை முடிவு செய்வதில் குட்டிகளுக்கே பெரும் பங்கு. அவற்றின் உடலில் கார்டிசால் உயர, தாயின் ஈஸ்ட்ரோஜனும் புரோஸ்டாகிளாண்டினும் கூடுகின்றன, புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. ரிலாக்சின் பிறப்புப் பாதையைத் தளர்த்துகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு பன்றி தரையைக் கிளறி, வைக்கோலை வாயால் இழுத்துப் படுக்கை அமைக்கும். அப்போது அதற்கு வைக்கோலும் அமைதியும் கொடுங்கள். கடைசியில் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கிக் குட்டிகளை வெளித்தள்ளும். அதே ஹார்மோன்தான் மடியிலிருந்து பாலையும் இறங்க வைக்கிறது.

நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் போய்ச் சேர்வதில்லை. எனவே, பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்தாக வேண்டும்.

ஊசி விஷயத்தில் எச்சரிக்கை

• முதல் குட்டி வெளிவருவதற்கு முன் ஆக்சிடோசின் போடக்கூடாது. பாதை திறக்காமலோ, குட்டி குறுக்கே சிக்கியோ இருந்தால் கருப்பை கிழியலாம், குட்டிகளும் இறக்கலாம்.

• ஈனும் நாளை முன்தள்ளப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், நாள் கணக்குத் தவறும்போது குட்டிகள் குறைமாதமாகப் பிறந்து மடியும். சேர்க்கை நடந்த தேதியை எழுதி வையுங்கள்.

• புரோஸ்டாகிளாண்டின் மருந்து தோல் வழியாக மனித உடலிலும் ஏறும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை அணிய வேண்டும்.

ஹார்மோன் ஊசி எதுவானாலும் கால்நடை மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் போடாதீர்கள்.