கொதிகலனுக்குள் கோடானுகோடித் துகள்கள்: கணினி எதைக் காண்கிறது, எதைத் தவறவிடுகிறது?

நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். கரி எரிவதற்கு முன் அந்தத் தண்ணீர் ஆவியாகியாக வேண்டும். அதற்கே கணிசமான வெப்பம் செலவாகிவிடும். இத்தகைய ஈரக் கரியையும் சீராக எரிக்கக்கூடியவை சுழற்சிப் பாய்மப் படுகைக் கொதிகலன்கள். அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கத்தில் அவைதான் இயங்குகின்றன. தலா 250 மெகாவாட் திறனுள்ள அந்த இரண்டு அலகுகளும் 2015-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கின.

கரியை மாவாக அரைத்துத் தீநாக்காக ஊதி எரிக்கும் முறை இங்கே இல்லை. அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் மணலும் சாம்பலும் எழும்பி, உலையில் கொதிக்கும் கஞ்சிபோலத் தளதளக்கும். காற்றின் வேகத்தை மேலும் கூட்டினால் துகள்கள் மேலே பறக்கும். சைக்ளோன் என்னும் சுழல் கலன் அவற்றைப் பிடித்து மறுபடி அடிக்கே அனுப்பிவிடும். இந்தச் சூட்டு மணலுக்கு நடுவே கரியின் பங்கு மிகச் சிறிது. வெப்பநிலையை 850 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருப்பார்கள். கந்தகத்தைப் பிடிக்கச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். சூடு மிஞ்சினால் சாம்பல் இளகிக் கட்டி தட்டும்.

இதே உத்திதான் 1942 முதல் பெட்ரோலியச் சுத்திகரிப்பிலும் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பேட்டன் ரூஜில் தொடங்கிய அந்த முறையில், மணலுக்குப் பதிலாக வினையூக்கித் தூள் சுற்றிவருகிறது.

இப்படிப்பட்ட கலனுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சுவரில் பதித்த வெப்பமானிகளும் அழுத்தமானிகளும் சொல்வது கொஞ்சம்தான். ஆய்வகத்தில் சிறிய கலனில் கண்டதை அப்படியே பெரிதாக்கினால், காற்றும் மணலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே கணினியில் அந்தக் கலனைக் கட்டிப் பார்க்கிறார்கள்.

ஆனால் கணக்கு மலைக்க வைக்கிறது. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் நெருக்கமாக அடைந்த ஒரு கன மீட்டரில் சுமார் 14,000 கோடித் துகள்கள் இருக்கும். மண், பாறைத் துகள்களின் மோதலைத் தனித்தனியாகக் கணக்கிடும் முறையை 1979-ல் கண்டலும் ஸ்ட்ராக்கும் வெளியிட்டார்கள். அதைக் காற்றோட்டத்துடன் இணைத்து ஜப்பானின் சூஜி குழு 1993-ல் ஒரு பாய்மப் படுகையைக் கணக்கிட்டபோது அதில் இருந்தவை 2,400 துகள்கள். இன்றைய பெரிய கணினிகள் அதைவிட எவ்வளவோ கூடுதலாகச் செய்யும். ஆனாலும் முழுக் கொதிகலன் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் மணலையும் ஒரு திரவம்போலக் கருதி, கலனைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி கண்டு கணக்கிடுகிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகம் உருவாக்கிய எம்ஃபிக்ஸ் மென்பொருள் இந்த இரு வழிகளிலும் கணக்கிடும். அது இலவசமாகவே கிடைக்கிறது.

கரித்துகள் ஒன்று உள்ளே விழுந்ததும் முதலில் ஈரம் போகிறது. அடுத்து வாயுக்கள் வெளியேறி எரிகின்றன. எஞ்சிய கரி மெதுவாக எரிகிறது. இந்த ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தில் துகளின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் சுற்றியுள்ள சூட்டை ஏற்க நொடியின் நூற்றில் சில பங்கு போதும். பத்து மடங்கு பெரிய துகளுக்கோ ஏறக்குறைய நூறு மடங்கு நேரம் தேவை. வேதிவினைகள் அதைவிடவும் நுணுக்கமானவை. இந்தச் சூட்டில் 50 டிகிரி கூடினாலே சில வினைகளின் வேகம் இரட்டிப்பாகும். வெப்பநிலையில் நேரும் சிறு பிழை, வெளியேறும் புகையின் கணக்கையே மாற்றிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் துகள்கள் கூட்டம் சேர்வது. மேலே பறக்கும் துகள்கள் சீராகப் பரவி நிற்பதில்லை. கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன. காற்று கொத்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோக, வெளியே மிச்சம் நிற்கிறது. கணக்கிடும் கட்டமோ அந்தக் கொத்தைவிடப் பெரியது. கட்டம் முழுக்க ஒரே சராசரி என்று வைத்தால், காற்று துகளை இழுத்துச் செல்லும் விசையைக் கணக்கு மிகையாகக் காட்டும். எரியும் வேகமும் தவறும். சராசரி நிலையில் நடக்கும் வினையும், நடக்கும் வினைகளின் சராசரியும் ஒன்றல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சங்கரன் சுந்தரேசன் இந்த இடத்தில்தான் முக்கியமான பங்களிப்பைச் செய்தார். மிகச் சிறிய கட்டங்களில் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதிலிருந்து பெரிய கட்டங்களுக்கான திருத்தங்களை அவரும் மாணவர்களும் வகுத்தார்கள். சீனாவில் ஜிங்ஹாய் லீ வேறொரு வழியில் அதே சிக்கலைக் கையாண்டார். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் பணி, கொத்துகளைக் கணக்கில் கொள்ளும் இந்த முயற்சிதான். கணினியின் வேகம் கூடுவதால் மட்டும் இந்தப் பிழை தானாகத் தீராது.

ஆகையால் சிவப்பும் மஞ்சளுமாகச் சுழலும் வண்ணப் படம் ஒன்றைக் காட்டி "கொதிகலனுக்குள் இப்படித்தான் நடக்கிறது" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டத்தின் அளவு என்ன? கொத்துகளுக்கான திருத்தம் உண்டா? எந்தக் கரியின் வினைவேகம் பயன்பட்டது? வேறு நாட்டுக் கரிக்கு அளந்த எண் நெய்வேலிக் கரிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் கரியின் வினைவேகத்தை நம் ஆய்வகங்கள் அளக்க வேண்டும். மின் நிலையங்களும் தங்கள் வெப்ப, அழுத்த அளவீடுகளை ஆய்வு மாணவர்களுக்குத் திறந்துகொடுக்க வேண்டும்.