வீட்டுக்கும் ஒரு கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல்

கூட்டுறவுச் சங்கமொன்றின் நிலையை அறிய விரும்புவோர் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கும் கணக்கு, கேட்பு, வசூல், நிலுவை என்னும் மூன்று கட்டங்களையுடைய பட்டியலாகும். வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். பணத்துக்கு நாம் காட்டும் இக்கவனத்தை அன்றாட வேலைகளுக்கும் காட்டினால் அங்கத்தினர்களின் குடும்பம் பெரிதும் பயனடையும்.

வேலைகளை மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் கருதுகின்றனர். மனம் நல்ல துணைவன். நல்ல கணக்கன் அன்று. முடிவுறாத வேலை மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதையும், அதை எப்போது, எவ்விதம் செய்வது என்று திட்டமிட்டவுடன் அவ்வுறுத்தல் தணிவதையும் 2011ஆம் ஆண்டில் மாஸிகாம்போ, பாமைஸ்டர் என்னும் அமெரிக்க உளநூலார் சோதனைகளின் வாயிலாகக் காட்டினர்.

எழுதிவைக்கும் வழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. குயிலாப்பாளையத்துக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் வாணிபமும் துபாஷ் உத்தியோகமும் பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இல் தொடங்கி 1761இல் மறையும் தறுவாய்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அரசியற் செய்திகளோடு கப்பல் வரவும் துணி வியாபாரமும் அதில் இடம்பெற்றன. அவர் எழுதியது நடந்து முடிந்ததை. அவர் காலத்தவரான அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினோ, நடக்கவேண்டியதற்கும் அட்டவணை வகுத்துக்கொண்டார். எனினும், ஒழுங்கு என்னும் அப்பழக்கமே தமக்கு மிகவும் கடினமாயிருந்ததென்று சுயசரிதையில் கூறுகிறார். ஆகவே, இரண்டு நாள் தவறியவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை.

இனி, பட்டியலை எழுதும் முறையைக் காண்போம்.

முதலாவது, கேட்பு. நாள் குறிக்கப்பட்ட வேலைகளே தலைப்பில் வரவேண்டும். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை; நாள் தவறினால் வட்டி சேரும். பணம் கையிலிருந்தும் தேதியை மறந்த குடும்பத்துக்கு அவ்வட்டி வீண் நஷ்டமே. பயிர்க் காப்பீட்டுக்கும் கடைசி நாள் உண்டு.

இரண்டாவது, வரிசை. மரக்காணம் உப்பளங்களைப் பாருங்கள். வரப்பைச் செப்பனிட்டு, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் படிப்படியாகச் செறிவாக்கிய பின்னரே உப்பு விளையும் பாத்திக்கு நீர் பாய்ச்சுகின்றனர். முறை மாறினால் உழைப்பு வீணாகும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ உப்பெடுப்பே நின்றுவிடும். நெசவுக்கும் இஃது ஒக்கும். தார் சுற்றி முடியாமல் தறியில் அமர்ந்து பயனில்லை. மழை மூட்டத்தில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட இயலாது. வெயில் வேண்டும் வேலைக்கு வெயில் நாளையும், கூரையடியில் செய்யத்தக்கதற்கு மழை நாளையும் ஒதுக்குங்கள்.

மூன்றாவது, பெயர். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் செய்பவர் பெயர் இருக்கட்டும். தார் சுற்றும் பெண்களின் உழைப்பும், முந்திரிக்கொட்டை பொறுக்கும் பெண்களின் உழைப்பும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எழுதிப் பார்த்தாலன்றி ஒருவர் தோளில் ஏறிய சுமை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது, நிலுவை. நாளொன்றுக்கு இருபது வேலைகளை எழுதிவிட்டு மூன்றை முடிப்பது, வசூலாகாதென்று தெரிந்தே கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும். நான்கைந்து போதும். மாலையில் விளக்கேற்றிய பின் முடிந்ததை வசூலில் சேருங்கள்; மீந்ததை மறுநாள் கேட்பில் எழுதுங்கள். ஆனால், மூன்று நாள் நிலுவையில் நின்ற வேலையை நான்காம் நாளும் அப்படியே பெயர்த்தெழுத வேண்டாம். அதைக் கூறுபோட்டுச் சிறிதாக்குங்கள். அல்லது வேறொருவரிடம் ஒப்படையுங்கள். அல்லது தேவையற்றதென்று அடித்துவிடுங்கள். சங்க நிலுவையைத் தள்ளுபடி செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும்; வீட்டு நிலுவைக்கு உங்கள் துணிவே போதும்.

இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளலாம். எனினும், வீட்டார் அனைவரும் காணும்படி, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் மூன்று கோடுகள் இழுத்து எழுதுவதே மேல். அங்கத்தினர்கள் ஒரு தவணைக் காலம் இதைக் கைக்கொண்டு பார்ப்பார்களாக. வீட்டில் நிலுவை குறையுமாயின், சங்கத்திலும் அது தானே குறையும்.