படத்தில் வயல், பார்த்தால் கடல்!

ரயிலே ஓடாத தீவு அந்தமான். ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இலவசப் பாஸ் சென்னையோடு சரி. அப்புறம் கைக்காசு போட்டுக் கப்பலில் சுமார் மூன்று நாள். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து பஸ் ஏறினால் சிப்பிகாட் கிட்டத்தில்தான்.

அங்கே நம்மவர் ஒருவர் வீட்டுச் சுவரில் நீர்வண்ணப் படம் ஒன்றைக் கண்டேன். இளம் வயதில் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர் அவர். மூத்த மகள் பள்ளியில் படிக்கையில், 2003-ல், அபர்தீன் பஜாரில் வாங்கிய சாயப்பெட்டியைக் கொண்டு தீட்டியது. பச்சை நெல், குறுக்கே வரப்பு, ஓரத்தில் நாலு கமுகு, ஒரு செவலைப் பசு. (பசுவின் கால்கள் சற்றுக் கோணல்!) தூரத்தில் மண்கரைக்கு அப்பால், உப்புக்கழிக்கு ஒரு மெல்லிய நீலக்கோடு.

"அந்தக் கோடு இப்ப எங்க இருக்குன்னு காட்டுறேன், வாங்க தம்பி" என்று கொல்லைப்புறம் அழைத்துப் போனார். வயல் முழுவதும் தண்ணீர், நடுவே கொக்குகள்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு வந்த பூகம்பத்தின் வேலை இது. சுனாமி நீர் வந்து வடிந்திருந்தால் கதை வேறு. நாகப்பட்டினத்து வயல்களிலும் உப்பு ஏறியது, மழை கழுவியது, மறுபடி நெல் விளைந்தது. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை ஆயிற்றே என்பீர்கள். இங்கே பூமியே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. தினமும் இருமுறை ஓதம் ஏறும்போது மழை என்ன செய்யும்? அதே பூகம்பம் வடக்கே திக்லிப்பூர்ப் பக்கம் கரையை உயர்த்திப் பவளப்பாறைகளை வெயிலில் போட்டது; தெற்கே இந்திரா முனையை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்த்தியது.

இப்போது சிப்பிகாட்டுக்குப் பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காகிதத்துல நிலம் என் பேர்லதான் இருக்கு. பையன் டவுன்ல கொத்து வேலைக்குப் போறான்."

வயலை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"தினம் இறங்குற வயலை யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா?"

சட்டத்தின் ஒரு மூலையைச் செல் அரித்திருக்கிறது. பிரதி எடுக்க முடியுமா என்று விசாரித்தார். சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் திண்ணையில் சாய்த்து, என் கைப்பேசியில் பிடித்தேன்.

"மாட்டை விட்டுறாதீங்க, தம்பி" என்றார்.