பாரீஸில் வாங்கலாம், சென்னையில் இறக்க முடியுமா?

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாரீஸில் நம்மவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மத்லேன் சதுக்கத்துக் கடைகளிலோ போன் மார்ஷேயின் உணவு அங்காடியிலோ புகுந்து, பளபளக்கும் தகர டப்பாவில் அடைத்த ஃபுவா க்ராவை நாலைந்தாக எடுத்துக் கூடையில் போடுகிறார்கள். மேனேஜருக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, மாடி வீட்டு டாக்டருக்கு ஒன்று. வாத்துக்குத் தொண்டை வழியாகத் தீவனத்தைத் திணித்துக் கொழுக்க வைத்த ஈரல் அது. அந்தக் காரணத்துக்காகவே 2014 ஜூலையில் இந்தியா அதன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் கேட்டால், "அப்படியா? கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறார்கள். கடைக்காரர் ஏன் சொல்லப் போகிறார்? அவருக்குத் தெரிந்தது பிரெஞ்சுச் சட்டம். மீனம்பாக்கத்தில் உங்கள் பெட்டியைத் திறப்பவர் பார்ப்பது இந்தியச் சட்டம்.

ஆகவே முதல் எச்சரிக்கை இதுதான்: கடையில் விற்பதற்கு அனுமதி இருப்பதும், எல்லை தாண்டி எடுத்துச் செல்ல அனுமதி இருப்பதும் வேறு வேறு. சீஸ் கடையில் காற்றை உறிஞ்சி பிளாஸ்டிக் உறையில் ஒட்டித் தருவார்கள். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே செய்வார்கள். பெட்டி நாறாமல் இருக்க அது நல்ல உபாயம். அதனால் சட்டம் மாறாது. விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும் மாறாது.

இந்தியாவுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது சுங்க அறிவிப்புப் படிவம். இறைச்சி, பால் பொருள், மீன், கோழிப் பொருள் கொண்டு வருகிறீர்களா என்று அதில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. விதை, செடி, பழம், பூ பற்றி அடுத்த கேள்வி. இவற்றை அறிவிக்காமல், பெட்டிக்குள் அரைக் கிலோ கொம்தே சீஸுடன் பச்சை வழியில் நடந்து போகிறவர்களைத்தான் எனக்குப் புரியவே இல்லை. கால்நடைப் பொருள்கள் 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. முறைப்படி கொண்டுவர மத்திய கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். சென்னையில் இதைப் பார்க்கும் விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஒரு துண்டு சீஸுக்காக அந்த அனுமதி வாங்குகிறவர் யாருமில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு அதிகாரி கண்டுகொள்ளாமல் விடுவார், அடுத்த கவுன்ட்டரில் இருப்பவர் குப்பைத் தொட்டியைக் காட்டுவார். பயணிக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் இதை எழுதி ஒட்ட இத்தனை ஆண்டுகளில் எந்தத் துறைக்கும் தோன்றவில்லை. அது அவர்கள் குறை. ஆனால் மறைத்தது உங்கள் குறையாகத்தான் பதிவாகும்.

செய்ய வேண்டியது எளிது. சந்தேகம் இருந்தால் படிவத்தில் "ஆம்" போடுங்கள், இல்லையென்றால் "அதிதி" செயலியில் முன்கூட்டியே அறிவியுங்கள். பிறகு சிவப்பு வழியில் போங்கள். அறிவித்துவிட்டு இழந்தால் போவது பொருள் மட்டும். மறைத்துப் பிடிபட்டால் சுங்கச் சட்டப்படி பறிமுதலோடு அபராதமும் வரலாம். பொருளை நிறுத்தி வைத்தால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அப்புறம் வந்து பாருங்கள்" என்றால் நகராதீர்கள். எழுத்தில் உத்தரவு வந்தால், அது கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். நடத்தை பற்றிய புகாரென்றால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் பதியலாம். ரசீதோ உத்தரவோ இல்லாமல் இவை எதுவும் நகராது.

மது பாட்டிலில் கணக்கு நேரடியானது. ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர். ஒயின் பாட்டில் 750 மில்லி. இரண்டு போட்டால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது பாட்டில் எல்லையைத் தாண்டிவிடும். மூன்றாவதை வைத்துக்கொண்டு வாதாடுவதை விட இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லண்டன்காரர்கள் கதை இன்னும் மோசம். பாரீஸ் லா ஷாப்பேலில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கார் து நோர் ரயில் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறுகிறார்கள். பை நிறைய சீஸ், வெண்ணெய், உலர்ந்த பன்றி இறைச்சி சொசேஜ். முன்பு யாரும் கேட்கவில்லை, அது உண்மை. ஐரோப்பாவில் கோமாரி நோய் பரவியதை அடுத்து, 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருள்களும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டார்கள். சீஸ் வைத்த சான்ட்விச்சுக்கும் இது பொருந்தும். உறையிட்டிருந்தாலும் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினாலும் பொருந்தும். பிடிபட்டால் ஒப்படைக்க வேண்டும், மோசமான வழக்குகளில் அபராதம் 5,000 பவுண்டு வரை போகும். சாக்லேட், பிஸ்கட், ரொட்டி, ஜாம், கடுகுக்குத் தடையில்லை. இந்த மாதிரி உத்தரவுகள் நோய் நிலவரத்தைப் பார்த்து மாறக்கூடியவை. புறப்படும் வாரத்தில் பிரிட்டன் அரசுத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். மச்சான் போன வருஷம் கொண்டு போனார் என்பது சட்டமாகாது.

விமானத்தில் கைப்பை இன்னொரு பொறி. 100 மில்லி விதி தண்ணீருக்கும் ஷாம்புவுக்கும் மட்டும் என்று நினைக்கிறார்கள். கடுகு, ஜாம், தேன், ஃபுவா க்ரா, கமாம்பேர் போன்ற மென்மையான சீஸ் எல்லாமே சோதனைக்காரர் கணக்கில் பசை வகை. எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கண்ணாடிப் புட்டியைத் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

சரி, எங்கே எப்படி வாங்குவது? இதில்தான் பணம் அதிகமாகப் போகிறது.

ஃபுவா க்ராவை அங்கேயே ருசிக்க வாங்குகிறவர்கள் லேபிளில் மூன்று சொற்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். "ஃபுவா க்ரா அந்த்தியே" என்றால் முழு ஈரல். வெறும் "ஃபுவா க்ரா" என்றால் துண்டுகளைச் சேர்த்தது. "ப்ளோக்" என்றால் அரைத்து மறுபடி கட்டியாக்கியது. டப்பா மூன்றுக்கும் ஒரே பளபளப்பு. "மி-கியூய்" என்று எழுதியிருந்தால் அது பாதி வெந்தது, குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். பதினைந்து மணி நேரப் பயணத்தில் அதைப் பெட்டிக்குள் வைப்பது விஷப்பரீட்சை.

கமாம்பேர் என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, எவரும் எங்கேயும் தயாரிக்கலாம். "கமாம்பேர் தெ நோர்மாந்தி" என்ற முழுப் பெயரும், பிறப்பிடத்துக்குச் சான்றான சிவப்பு மஞ்சள் வட்ட ஏ.ஓ.பி. முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் நோர்மாந்தியின் பச்சைப் பாலில் கரண்டியால் அச்சில் ஊற்றிச் செய்தது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் எஃப்.ஆர். என்ற எழுத்தும் சில எண்களும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அந்தப் பொருளைக் கடைசியாகக் கையாண்ட ஆலை இருக்கும் மாவட்டம். 14, 50, 61 என்றால் நோர்மாந்தி. முன்பக்கத்தில் பசுவும் ஆப்பிள் மரமும் வரைந்து, பின்பக்கத்தில் நோர்மாந்திக்கு வெளியே உள்ள மாவட்ட எண் இருந்தால் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

திஜோன் கடுகும் அப்படித்தான். அது ஊரின் பெயரைத் தாங்கிய செய்முறை, அவ்வளவுதான். விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் பொய்த்ததால் 2022-இல் பிரான்ஸ் கடைகளில் கடுகு அலமாரி காலியாகவே கிடந்தது. உள்ளூர் விதையில் செய்தது வேண்டுமானால் "மூத்தார்த் தெ பூர்கோஞ்" என்று பாருங்கள், அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. ட்ரஃபிள் எண்ணெய் என்று சின்னக் குப்பியில் விற்பதில் "அரோம்" என்ற சொல் இருந்தால் அது வாசனைத் திரவியம். ட்ரஃபிள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சந்தையிலும் கிறிஸ்துமஸ் கடைகளிலும் நூகா மிட்டாய் வாங்குகிறவர்களிடம் நடக்கும் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பலகையில் பெரிய எழுத்தில் 6 என்று இருக்கும். பக்கத்தில் எறும்பு அளவில் "100 கிராம்". கடைக்காரர் ருசி பார்க்க ஒரு துணுக்கு நீட்டுவார். நீங்கள் தலையசைத்த மறு நொடி கத்தியைச் செங்கல் அளவுக்குத் தள்ளி வைத்து அறுப்பார். தராசில் 500 கிராம், 30 யூரோ. கத்தி இறங்குவதற்கு முன்பே "இருநூறு கிராம், அதற்கு மேல் வேண்டாம்" என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். அறுத்துவிட்டார் என்பதற்காக வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்காத அளவுக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தராசையும் பாருங்கள். பச்சை ஒட்டுவில்லை இருக்க வேண்டும், அதில் போட்டிருக்கும் தேதி கடந்திருக்கக் கூடாது. காகிதமும் டப்பாவும் எடையில் சேரக் கூடாது.

பணம் கொடுத்ததும் ரசீது கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்ஸ் கடைகளில் காகித ரசீது தானாக அச்சாகி வராது, கேட்டால்தான் தருவார்கள். "லெ திக்கே, சில் வு ப்ளே." இந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம் ஆகட்டும். திரும்பச் சொல்கிறேன், ரசீது கேளுங்கள். மனம் மாறினால் பொருளைத் திருப்பித் தரலாம் என்றும் எண்ண வேண்டாம். நேரில் போய் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. இணையத்தில் வாங்கினால் 14 நாள் உண்டு, ஆனால் கெட்டுப் போகும் உணவுக்கு அதுவும் இல்லை.

சைவர்கள் சீஸ் சைவம்தானே என்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் வருந்துகிறார்கள். "ப்ரெசூர்" என்றால் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறை. கொம்தே, ரோக்ஃபோர், கமாம்பேர் தெ நோர்மாந்தி எல்லாம் அதில் உறைந்தவைதான். லேபிளில் நுண்ணுயிர் உறை என்றோ தாவர உறை என்றோ எழுதியதைத் தேடி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து பச்சைப் பால். லேபிளில் "லே க்ரு" என்று இருந்தால் கர்ப்பிணிகளுக்கும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் கொடுக்காதீர்கள். இதைச் சொல்வது பிரெஞ்சு அரசின் சுகாதாரத் துறையே. லிஸ்டீரியாவும் ஈ-கோலியும் விளையாட்டல்ல. கொம்தே போன்ற நீண்ட நாள் முற்றிய கெட்டி வகைகளுக்கு மட்டும் விலக்கு சொல்கிறார்கள். குழந்தைக்கு "ஒரு துளிதானே" என்று ஊட்டுகிற தாத்தாக்களைப் பார்த்து அலுத்துவிட்டது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

தேதியிலும் இரண்டு வகை உண்டு. "ஜூஸ்கோ" என்று இருந்தால் அந்த நாளுக்குப் பின் விற்பதே குற்றம். "தெ ப்ரெஃபெரான்ஸ்" என்று இருந்தால் ருசி குறையலாம், அவ்வளவுதான். வாங்கிய பொருள் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்க 2021 முதல் ரப்பேல் கோன்சோ என்ற அரசுத் தளம் இருக்கிறது.

ஏமாந்துவிட்டால்? கடையில் நின்று தமிழில் திட்டிவிட்டு வருவதால் பயனில்லை. முதலில் விலைப்பலகை, லேபிள், தராசு, நீள்வட்ட முத்திரை எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். அடுத்து சிக்னால் கோன்சோ என்ற அரசுத் தளத்தில் புகார் பதியுங்கள். அது கடைக்காரருக்கும் நுகர்வோர் மோசடித் தடுப்புத் துறையான டே.ஜே.சே.சே.ஆர்.எஃப்-க்கும் போகும். பணம் திரும்ப வேண்டுமானால் அது மட்டும் போதாது. கடைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது. தீராவிட்டால் நுகர்வோர் சமரசக்காரரிடம் போகலாம். வாடிக்கையாளர்களோடு வியாபாரம் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சமரசக்காரரை வைத்திருக்க வேண்டும், பெயரை வெளியிடவும் வேண்டும். நமக்குச் செலவில்லை. எழுத்து முறையீடு போன ஒரு வருடத்துக்குள் அவரிடம் போயாக வேண்டும். சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் 15 அல்லது 112-ஐ அழையுங்கள். மிச்சத்தையும் உறையையும் தூக்கி எறியாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், ஆய்வுக்கு அதுதான் தேவைப்படும்.

எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரீஸில் இருக்கும் மகளுக்கு நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொண்டு போகும் அம்மாக்களே, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பயணப் பெட்டியில் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சார்ல்ஸ் தெ கோல் விமான நிலையச் சுங்கத்தில் பிடிபட்டால் இரண்டும் போய்விடும். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை, ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. நாற்றத்தை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.