ப்ளஸ் டூவில் 90 சதவீதம், கல்லூரியில் அரியர்: ஏடிஎச்டி சந்தேகங்களும் விளக்கங்களும்

கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்று அறியப்படும் ஏடிஎச்டி சின்னக் குழந்தைகளின் பிரச்சினை என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இது பலருக்குக் கல்லூரிக் காலத்திலும் அதற்குப் பிறகும் தொடர்கிறது. செமஸ்டர் முடிவுகள் வரும் நேரத்தில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் எழும் சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

ப்ளஸ் டூவில் 90 சதவீதம் எடுத்த என் மகன், இன்ஜினீயரிங் முதல் ஆண்டிலேயே நான்கு அரியர் வைத்திருக்கிறான். ஏடிஎச்டி இருந்திருந்தால் பள்ளியிலேயே தெரிந்திருக்காதா?

தெரியாமல் போக நிறையவே வாய்ப்பு உண்டு. நம் ஊரில் ப்ளஸ் டூ எப்படி நடக்கிறது? விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ், அடிக்கடி ஸ்லிப் டெஸ்ட், மார்க் குறைந்தால் வீட்டுக்கு போன். எத்தனை மணிக்கு எழுவது, இன்று எந்தப் பாடம், எங்கே உட்கார்ந்து படிப்பது என எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குச் சிரமமானவையே திட்டமிடுவதும், ஒரு வேலையை ஆரம்பிப்பதும், நேரத்தைக் கணிப்பதும்தான். பள்ளியில் இந்த மூன்றையும் பிறர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஸ்டலில் பெட்டியை வைத்த அன்றே அது நின்றுபோகிறது. தேர்வு எப்போதோ இருக்கிறது, அதுவரை கேட்க ஆளில்லை.

பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. ஓடியாடித் தொல்லை தராமல், நினைப்பு எங்கோ இருக்க அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை 'சாது' என்று பாராட்டிவிட்டு விட்டுவிடுகிறோம்.

செல்போனும் சோம்பேறித்தனமும்தான் காரணம் என்கிறார் கணவர். எப்படி உறுதி செய்வது?

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. மனநல மருத்துவர் விரிவாகப் பேசித்தான் முடிவுக்கு வருவார். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா, வீடு, கல்லூரி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிரமம் இருக்கிறதா என்று பார்ப்பார். பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு கோளாறு, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும் என்பதால் அவற்றையும் பார்ப்பது அவசியம். இணையத்தில் கேள்விகளுக்கு 'டிக்' அடித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். 'சோம்பேறி' என்று சொல்வதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். உங்கள் மகன் அதைத் தன்னைப் பார்த்தே நூறு முறை சொல்லிக்கொண்டிருப்பார்.

மாத்திரை பழக்கமாகிவிடுமா?

ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. கண்காணிப்புடன் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டால் அடிமையாகும் அபாயம் குறைவு. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அட்டமாக்ஸெட்டின் வேறு வகை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேர்வுக்கு முந்தைய இரவு அறை நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து.

மாத்திரை தவிர நான் என்ன செய்யலாம்? ரெக்கார்ட் நோட்டே என்னைக் கொன்றுவிடுகிறது. (இரண்டாம் ஆண்டு மாணவி)

பள்ளியோடு போய்விட்ட அந்த வெளிக் கட்டுப்பாட்டை நீங்களே திரும்ப ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மன உறுதியை நம்பி உட்காராதீர்கள்; ஆளையும் இடத்தையும் நேரத்தையும் நம்புங்கள். ரெக்கார்டையே எடுத்துக்கொள்வோம். லேப் முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல், ஒரு தோழியுடன் நேராக நூலகத்துக்குப் போங்கள். எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதுங்கள். தேதி, நோக்கம், அன்று எடுத்த அளவீடுகள், இவ்வளவு போதும். கிராஃப் நாளைக்கு. அடுத்த லேப்பில் நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாடல் பிராக்டிகலுக்கு முந்தைய மூன்று ராத்திரியில் பத்துப் பரிசோதனைகளை எழுதும் கொடுமை பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

தேர்வறையிலும் இதே வழிதான். ஒரே 13 மார்க் கேள்வியில் ஒரு மணி நேரம் மூழ்கிவிட்டு, கடைசி இரண்டு கேள்விகளைத் தொடாமல் வருபவர்கள் உண்டு. பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க் உள்ள மூன்று மணி நேரத் தாளில், 2 மார்க் பகுதி முழுவதற்கும் 25 நிமிடம், ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் 25 நிமிடம் ஒதுக்கினால்கூட ஐந்து நிமிடம் மிஞ்சும். நேரம் ஆனதும் பாதி வாக்கியமாக இருந்தாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். இதை இன்டர்னல் தேர்விலேயே பழகுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா? கல்லூரியில் சொல்லலாமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. இது பெரிய குறை, திருத்தப்பட வேண்டியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு பட்டியலில் இருக்கிறது. ஏடிஎச்டியுடன் அதுவும் சேர்ந்து இருப்பது அபூர்வமில்லை என்பதால் அதற்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உரிய சான்றிதழ் கிடைத்தால் கூடுதல் நேரம் கேட்க வழி பிறக்கும்.

சான்றிதழ் இல்லாவிட்டாலும், நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் மருத்துவர் கடிதத்துடன் பேசலாம். முன் பெஞ்ச், அசைன்மென்ட் தேதிகளை எழுத்தில் தருவது, பெரிய புராஜெக்டை வாரவாரியாகப் பிரித்துப் பார்ப்பது போன்றவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. வகுப்பு முழுக்கச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் யாரைப் பார்ப்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அரியர்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் எழுத முயல வேண்டாம். படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு அவகாசம் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கேற்பப் பிரித்து எழுதுங்கள்.