மூடுபனி குடிக்கும் பாலை

நமீபியாவின் அட்லாண்டிக் கரையோரத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஒரு விரற்கடை அளவு. பல ஆண்டுகளில் அதுவும் கிடையாது. ஆனாலும் அந்த மண்ணில் யானை நடக்கிறது, சிங்கம் வேட்டையாடுகிறது, மணற்குன்றின் முகட்டில் ஓரிக்ஸ் மான் நிற்கிறது, ஆயிரம் வயதான செடி ஒன்று இரண்டே இலைகளோடு உயிர் வாழ்கிறது. இவற்றுக்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தெற்கே செஸ்ரீமில் தொடங்கி வடக்கே எட்டோஷா வரை வழிகாட்டியோடு கூடாரம் போட்டுத் தங்கிச் செல்லும் சஃபாரியை, இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே போய்விடலாம். அப்படிப் போனால்தான் அந்த நாடு பிடிபடும் என்று நான் நினைக்கிறேன்.

பயணத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். கூரைமேல் மடக்குக் கூடாரம், இரண்டு ஸ்டெப்னி, தண்ணீர் கேன்கள், மூன்று கால் வைத்த கனத்த இரும்புப் பானை. வழியில் கிடக்கும் பட்ட மரத்தை விறகுக்காக எடுக்க நல்ல வழிகாட்டி விடமாட்டார்; கடையில் கட்டாக விற்கும் விறகைத்தான் வாங்கச் சொல்வார். பாலையில் ஒரு காய்ந்த கட்டை என்பது பல்லிக்கும் பூச்சிக்கும் நிழல் தரும் வீடு. செருப்பைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் நரி தூக்கிக்கொண்டு போகும். காலையில் ஷூவை உதறாமல் காலை நுழைக்கக் கூடாது. அங்குள்ள தேள்களில் முன் இடுக்கி மெலிந்து வால் பருத்திருந்தால் விஷம் அதிகம், இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் குறைவு என்பது பொதுக்கணக்கு.

இரவுக் குளிர் முதல்முறை போகிறவர்களைத் திகைக்க வைக்கும். கோடைப் பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும் இடத்தில், ஜூன், ஜூலை இரவுகள் உறைநிலையை நெருங்குகின்றன. நிலம் இரவில் வெளிவிடும் வெப்பக் கதிர்களைப் பிடித்து வைப்பதில் காற்றிலுள்ள நீராவிக்குப் பெரும் பங்கு உண்டு. உள்நாட்டுப் பாலையில் அந்த நீராவி சொற்பம். பகலின் சூடெல்லாம் வானத்துக்கே போய்விடுகிறது. அதே வறண்ட காற்று நட்சத்திரங்களைத் தெளிவாகக் காட்டுகிறது. நமீப் பாலையின் ஓரத்திலுள்ள நமீப்ராண்ட் காப்பகம் 2012-ல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அங்கீகரிக்கப்பட்டது.

இவ்வளவு வறட்சிக்குக் கடலே காரணம். பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் தெற்கிலிருந்து இந்தக் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோலப் படிந்திருக்கிறது. காற்று மேலே ஏறாத இடத்தில் மழைமேகம் உருவாகாது. கிழக்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து புறப்படும் ஈரமும் கண்டத்தைக் கடந்து வருவதற்குள் தீர்ந்துபோகிறது. நமீப் குறைந்தது ஐந்தரைக் கோடி ஆண்டுகளாக இப்படி வறண்டு கிடக்கிறது என்பது பரவலான கணிப்பு. உலகின் மிகப் பழைய பாலைவனம் என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் மழையைத் தடுக்கும் அதே குளிர்தான் கடல்மேல் மூடுபனியை உண்டாக்குகிறது. இரவில் அது கரையேறி, பல கிலோமீட்டர் உள்ளே வந்து, காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. பறித்ததைக் கடல் வேறு வடிவில் திருப்பித் தருகிறது.

பயணிகள் முதலில் பார்க்கும் சோசஸ்ஃப்ளே மணற்குன்றுகளுக்கு வருவோம். கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ மணல். அங்கே வண்டியை நிறுத்தி டயர் காற்றைக் கணிசமாக இறக்குவார்கள். தளர்ந்த டயர் அதிகப் பரப்பில் மணலைத் தொடுகிறது. அழுத்தம் குறைவதால் புதையாமல் மேலேயே உருள்கிறது. இந்தச் சிவந்த மணலின் பூர்வீகம் வெகுதூரம்: தென்னாப்பிரிக்காவின் குறுக்கே ஓடிவரும் ஆரஞ்சு ஆறு கடலில் கொட்டிய மணலைக் கரையோர நீரோட்டம் வடக்கே தள்ள, காற்று அதை வாரி நிலத்துக்குள் கொண்டுவந்தது. மணல்துகளைப் போர்த்திய இரும்பு ஆக்சைடுதான் சிவப்பு. பல குன்றுகள் 300 மீட்டர் உயரத்தையும் தாண்டுகின்றன. இந்த மணற்கடல் 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

குன்றுகளுக்கு நடுவே டெட்ஃப்ளே என்ற வெள்ளைக் களிமண் தரை. சவுச்சப் ஆற்றின் வெள்ளம் ஒரு காலத்தில் அங்கே வந்து தேங்கியது. நகர்ந்த மணல் வழியை அடைத்ததும், அங்கே வளர்ந்திருந்த ஒட்டகமுள் மரங்கள் செத்தன. செத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் நிற்கின்றன. உளுத்துப்போக வேண்டுமானாலும் ஈரம் வேண்டும். அந்த ஈரமும் இல்லாததால் வெயிலில் கறுத்து அப்படியே நிற்கின்றன. அவற்றின்மேல் சாய்ந்தும் ஏறியும் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஒடிந்த கிளைக்கு மாற்றாக அங்கே எதுவும் முளைக்கப் போவதில்லை.

மணற்கடலின் வடக்கு எல்லை குயிசெப் ஆறு. எப்போதோ வரும் அதன் வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போவதால் குன்றுகள் பெரும்பாலும் அதைத் தாண்டவில்லை; அக்கரையில் சரளைச் சமவெளி தொடங்குகிறது. ஆற்றங்கரையில் கோபபேப் ஆய்வு நிலையம் இருக்கிறது. சார்லஸ் கோக் என்ற பூச்சியியலாளர் 1962-ல் தொடங்கியது. மூடுபனியை உயிர்கள் எப்படிக் குடிக்கின்றன என்று உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இங்கே நடந்த வேலைதான்.

1976-ல் ஆய்வாளர்கள் வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் ஒரு கறுப்பு வண்டைப் பற்றி எழுதினார்கள். ஓனிமாக்ரிஸ் உங்குவிகுலாரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பகலில் நடமாடும் இந்த வண்டு, மூடுபனி வந்தால் மட்டும் வெயில் ஏறும் முன்பே மணலுக்குள்ளிருந்து வெளியே வந்து முகடு வரை ஏறும். காற்று வரும் திசைக்கு எதிராக நின்று, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வழிந்து வாய்க்கு வரும். ஒரே காலையில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் ஏற்றிக்கொண்ட வண்டுகளும் உண்டு. லெபிடோகோரா என்ற இன்னொரு வண்டினம் வேறு வழி கண்டது. குன்றின் சரிவில் சின்னஞ்சிறு பள்ளம் பறித்து வரப்பு கட்டுகிறது. வரப்பு மணலில் சேரும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே திரும்பி வருகிறது.

2001-ல் ஸ்டெனோகாரா என்ற மூன்றாவது வண்டினத்தின் முதுகுப் புடைப்புகள் பனியைப் பிடிக்கின்றன என்று ஒரு ஆய்வு வந்தது. அதைப் பின்பற்றி நீர்சேகரிப்புப் பொருள்கள் பலவும் வடிவமைக்கப்பட்டன. ஆனால் 2010-ல் ஆய்வாளர்கள் நான்கு வகை வண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: புடைப்புள்ள வண்டு தலைகீழாக நின்று பனி குடிக்கவே இல்லை, குடித்தது வழவழ முதுகுள்ள ஓனிமாக்ரிஸ்தான். முதுகின் அமைப்பைக் காட்டிலும் ஏறி நிற்கும் பழக்கமே முக்கியம் என்று தெரிந்தது. இன்றும் பல கட்டுரைகள் தவறான வண்டின் படத்தோடு இந்தக் கதையைச் சொல்கின்றன. வண்டுக்கு உரிய பெருமையை அதற்கே கொடுக்க வேண்டும்.

2017-ல் வெளியான மற்றோர் ஆய்வு, கோபபேப்பில் கிடைக்கும் பனி, மூடுபனி ஈரத்தில் பாதிக்கும் குறைவுதான் கடலிலிருந்து வருகிறது என்று காட்டியது. மீதியில் கணிசமான பங்கு, அந்த மண்ணுக்கடியிலிருந்தே ஆவியாகி மீண்டும் படிவது. கடல்தான் எல்லாம் தருகிறது என்ற எளிய சித்திரம் அத்தோடு மாறியது. நிலத்தடி நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அந்த நிலத்தடி நீரை நேரே தொடுகிறது நாரா. இலையில்லாத முள்புதர், ஆணிவேர் பல மீட்டர் ஆழம் போகிறது. குயிசெப் கரையில் வாழும் டோப்னார் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் காயை உணவாகக் கொண்டவர்கள். ஓரிக்ஸும் அதைத் தேடி வரும். ஓரிக்ஸுக்குத் தண்ணீர்ச் சிக்கனத்தில் இன்னொரு திறமை உண்டு. மூக்கில் மூச்சுக்காற்றால் குளிர்ந்த ரத்தம், மூளையின் அடியில் மெல்லிய நாளப் பின்னல் ஒன்றின் வழியாக, மூளைக்குப் போகும் சூடான ரத்தத்தைக் குளிர்விக்கிறது. மூளை வெந்துவிடாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்று முன்பு நம்பினார்கள். செம்மறியாட்டிலும் அரேபிய ஓரிக்ஸிலும் நடந்த பிந்தைய ஆய்வுகள் வேறு சொல்கின்றன: உடல்வெப்பத்தை உணரும் மையம் மூளையில் இருப்பதால், அதைக் குளிர்வித்தால் உடல் வியர்ப்பதும் இரைப்பதும் குறைகிறது, தண்ணீர் மிச்சமாகிறது.

சுவகோப்முண்ட் நகருக்குக் கிழக்கே வெல்விட்சியா. ஃபிரெட்ரிக் வெல்விட்ச் 1859-ல் தெற்கு அங்கோலாவில் கண்ட செடி. வாழ்நாள் முழுதும் இரண்டே இலைகள். அடியிலிருந்து வளர்ந்துகொண்டே, நுனியில் காய்ந்து கிழிந்துகொண்டே இருக்கும். பயணிகளுக்கு அது குப்பைக் குவியல்போலத் தெரிந்து ஏமாற்றம் தரலாம். சற்று நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். சோழர் காலத்தில் முளைத்தவையாக இருக்கக்கூடிய செடிகள் அவை.

வடமேற்கிலுள்ள டாமராலாந்துக்கு வந்ததும் வழிகாட்டி மிகக் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்கக் கூடாது. மணல் மெத்தென்று இருக்கும், மரநிழல் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஹோவானிப், ஹோவாருசிப், உகாப் போன்ற ஆறுகளின் தலைப்பகுதி கிழக்கு மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே மழை பெய்தால், தலைக்குமேல் நட்சத்திரம் மின்னும் இரவிலும் இங்கே வெள்ளம் வரும். படுகைதான் யானைகளின் பெருவழியும்கூட.

இந்த யானைகள் தனி இனம் கிடையாது. ஆப்பிரிக்கப் புல்வெளி யானையேதான். பழக்கம்தான் வேறு. புல்வெளி யானை அனேகமாகத் தினமும் தண்ணீர் தேடும். இவை சில நாள் குடிக்காமலும் தாக்குப்பிடிக்கும். படுகை மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்துவிட்டுப் போனால், அந்த ஊற்றில் பிற விலங்குகளும் குடிக்கும். எந்த வளைவில் தோண்டினால் தண்ணீர் வரும் என்பது மூத்த பெண் யானைகளின் நினைவில் இருக்கிறது. அப்படியொரு கிழவியைச் சுட்டுக் கொன்றால் கூட்டத்தின் நீர்வரைபடமே அழிகிறது. கரைகளில் நிற்கும் ஆனா மரம் அவற்றுக்குப் பெரிய துணை: மழைக்காலத்தில் இலை உதிர்த்து, ஊரெல்லாம் காய்ந்த பருவத்தில் பச்சையாக நின்று, சத்துள்ள காய்களைக் கொட்டுகிறது.

1980-களில் இங்கே காண்டாமிருகங்களும் யானைகளும் வேட்டையால் அழியும் நிலையில் இருந்தன. காட்டுயிர்ப் பாதுகாப்பாளர் கார்த் ஓவன்-ஸ்மித் உள்ளூர்த் தலைவர்களிடம் பேசி, ஊராரையே விலங்குக் காவலர்களாக நியமிக்க வழி செய்தார். நமீபியா 1990-ல் விடுதலை பெற்ற பிறகு, 1996-ல் வந்த சட்டத் திருத்தம் காட்டுயிர்மீதான உரிமையையும் சுற்றுலா வருமானத்தையும் கிராமச் சமூகங்களுக்குத் தந்தது. இன்று அப்படி 86 சமூகக் காப்பகங்கள் உள்ளன. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. வறட்சியில் யானைகள் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிகளை உடைக்கின்றன. தொட்டியைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பித் தருகிறார்கள். 2024 வறட்சியில் 83 யானைகள் உட்பட 723 விலங்குகளை இறைச்சிக்காகக் கொல்ல அரசு முடிவெடுத்தது. தண்ணீர் குறைந்தால் மனிதனும் விலங்கும் ஒரே குழாயடிக்கு வந்து நிற்கிறார்கள்.

பயணம் முடியும் எட்டோஷாவில் விலங்குகளைத் தேடி அலையும் சிரமம் பயணிகளுக்கு இல்லை. சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புத்தரையின் ஓரம் நீர்க்குட்டைகள். ஒக்காகுயேஜோ முகாமில் விளக்கொளியில் உட்கார்ந்தபடியே இரவில் கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கலாம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட மாதங்கள். அப்போதுதான் விலங்குகள் குட்டையைச் சுற்றிக் கூடும்.

போக வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாமராலாந்தில் ஒரு இரவாவது சமூகக் காப்பகத்தின் முகாமில் தங்குங்கள். அந்தக் கட்டணத்தில்தான் யானையோடு வாழ்வதற்கான காரணம் கிராமத்துக்குக் கிடைக்கிறது. வண்டித்தடத்தை விட்டு ஒரு சக்கரமும் இறங்க விடாதீர்கள். சரளைச் சமவெளியில் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் லைக்கன்கள் பெரும்பாலும் மூடுபனியையே குடித்து மிக மெதுவாக வளர்பவை. அவற்றின்மேல் ஒருமுறை ஓடிய டயரின் தடம் பல பத்தாண்டுகளுக்கு அழிவதில்லை.