நம்பிக்கையின் கால் பங்கு

வரப்போவது பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கும் மனநிலையே நன்னம்பிக்கை. 1985இல் மைக்கேல் ஷையர், சார்ல்ஸ் கார்வர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை அளக்க ஒரு சிறிய வினாத்தாளை அமைத்தார்கள். 1994இல் திருத்தப்பட்ட வடிவத்தில் பத்தே வாக்கியங்கள். அவற்றிலும் ஆறுக்குத்தான் மதிப்பெண். மற்ற நான்கும் நோக்கம் வெளியே தெரியாமல் இருக்கச் சேர்த்தவை. ஒருவர் இன்று வாங்கும் மதிப்பெண்ணும் சில ஆண்டுகள் கழித்து வாங்குவதும் பொதுவாக வெகுதூரம் விலகுவதில்லை. இது பிறவிக் குணமாக இருக்குமோ என்ற ஐயம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஐயத்தைத் தீர்க்க ஆய்வாளர்கள் இரட்டையரைத் தேடிப் போனார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுவதும் ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. சுவீடனில் சேர்ந்து வளர்ந்த இரட்டையரையும் சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1992இல் வெளிவந்தது. ஆளுக்கு ஆள் நன்னம்பிக்கை வேறுபடுவதில் ஏறத்தாழ கால் பங்குக்கு மரபே காரணம் என்று அது கண்டது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் இந்த அளவு மூன்றில் ஒரு பங்கு வரை ஏறுகிறது. இந்தக் கணக்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது. தனி ஆளின் நம்பிக்கையில் கால் பங்கு தாய் தகப்பன் கொடுத்தது என்று இதைப் படிக்கக் கூடாது. வளர்ந்த வீடும் நன்னம்பிக்கையில் தடம் பதிக்கிறது என்பது 1992 ஆய்வின் இன்னொரு முடிவு.

மிச்சம் முக்கால் பங்கும் அவரவர் மனசு வைப்பதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது தன்முனைப்பு முகாம்களின் வழக்கம். ஒரு மனிதன் எங்கே, யார் கையில் வாழ்கிறான் என்பதையும் அந்த முக்கால் பங்கில்தான் சேர்க்க வேண்டும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்கள் இதற்கு நல்ல சான்று.

ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் கோலோச்சிய காலத்தில் விடியுமுன் பெரட்டு எடுத்து ஆள் கணக்கு பார்த்துவிடுவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் வரத்து குறையும் என்பதால் அந்த அவசரம். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டுவதில் பயனில்லை. பால், வெட்டிய கோட்டில் ஓடி மங்கில் விழாமல் பட்டையெங்கும் வழிந்து போகும். பட்டை காயுமா என்று காத்திருக்க வேண்டும். காய்வதற்குள் வெயில் ஏறிவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பெரும்பாலும் கூலியும் இல்லை. கூலியோடு பிணைந்த ரப்பர் விலையோ சிங்கப்பூர், லண்டன் சந்தைகளில் முடிவாயிற்று. குடியிருந்த லயமும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். இப்படி வாழ்ந்தவர்கள் 'எல்லாம் தலையெழுத்து' என்று சொன்னதைக் குணக்கேடு என்பது அநியாயம். அது ஓரளவு சரியான கணக்கு.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களிடம் நடத்திய சோதனை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. என்ன செய்தும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாத நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பெரும்பாலும் முயலாமல் படுத்துவிட்டன. கையாலாகாத்தனம் அனுபவத்தால் கற்றுக்கொள்ளப்படுவது என்று இருவரும் அப்போது முடிவு செய்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, மூளை ஆய்வுகளின் அடிப்படையில், 2016இல் அதே இருவரும் தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாக்கினார்கள். நீடித்த துன்பத்தில் ஒடுங்கிப் படுப்பதே உயிரின் இயல்பு. தான் செய்வதற்குப் பலன் உண்டு என்பதைத்தான் அது கற்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கற்ற மூளையின் முன்பகுதி அடுத்த துன்பத்தில் அந்த ஒடுக்கத்தைத் தடுத்துவிடுகிறது. ஓர் அறிவியலாளர் தம் பெயர் சொல்லும் கோட்பாட்டைத் தாமே திருத்துவது அன்றாடம் நடப்பதில்லை.

செய்தால் பலன் உண்டு என்பதைத் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் கூட்டாகவே கற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் உருவான தொழிலாளர் சங்கத்தின் வழியே தலைமைக்கு வந்தவர் பி.பி. நாராயணன். தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. கூலியைத் தோட்ட முதலாளிகளோடு உட்கார்ந்து பேச முடியும் என்பது லயத்துக்குப் புது அனுபவம்.

அந்த நேரத்தில்தான் துண்டாடல் வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். அங்கிருந்த தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். பொருளியலாளர் உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1951 முதல் 1960 வரையிலான காலத்தைப் பற்றியது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக, 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி ஒரு பங்கு வாங்கச் சொன்னார். அடுத்த ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. நாள் கூலியில் பிழைத்தவருக்குப் பத்து வெள்ளி சிறு தொகை இல்லை. பணம் கட்டியவர்கள் எல்லாரும் பிறவியிலேயே நம்பிக்கைக்காரர்களா என்று யாரும் வினாத்தாள் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு தோட்டம் கைக்கு வந்த செய்தி அடுத்த தோட்டத்தில் வேலை செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். துண்டாடல் அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன.

அப்படியானால் தனி மனிதர் தேர்ந்துகொள்ள எதுவுமே இல்லையா? இருக்கிறது, குறுகிய எல்லைக்குள். கனவு வேறு, எதிர்பார்ப்பு வேறு என்பதை ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் காட்டினார். உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களிடம் அவர் செய்த ஆய்வு 1991இல் வெளியானது. முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது; மெலிந்துவிட்டதாகவே இன்பக் கற்பனையில் திளைத்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுப்பவரும் மாதக் கூட்டுப் பணம் கட்டுபவரும் நாளை நன்றாக இருக்கும் என்றுதான் எண்ணுகிறார்கள். முன்னவர் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. பின்னவருக்கு அடுத்த மாதமும் வேலை இருக்கிறது.

பயிற்சியால் மனநிலை மாறுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் நல்லபடி நடந்தால் தன் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று நாளுக்கு ஐந்து நிமிடம் மனத்தில் பார்ப்பது ஒரு பயிற்சி. இரண்டு வாரத்தில் அது நன்னம்பிக்கையைக் கூட்டியது என்று 2011இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது. இப்படிப்பட்ட சோதனைகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பத்துக்கும் அதே ஐந்து நிமிடம் அதே பலனைத் தரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.